ரைஃபிள் முனையில் பூசிய சந்தனம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் விஜயதசமி காலை ஆறே முக்கால் என்று எழுதியிருக்கிறது. அது குண்டு பாய்ந்த நேரம். நான் சொல்வது அதற்கு முந்தைய நேரம். என் பட்டறைக்குப் பின்னால், மண் மூட்டைகள்மேல் சாய்த்து வைத்த மாம்பலகையில் ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்று நான் ரைஃபிளைத் தாழ்த்திய நேரம். அரக்கோணம் போகிற வண்டி அப்போதுதான் ஊதியது. அதனால் மணி தப்பாது.

திருத்தணிப் பட்டறையை இப்போது எடுத்து நடத்தும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். லேத்து வேலையும் மரை வெட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வருகின்றன. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஐம்பது வயதில், கையும் கண்ணும் நன்றாக இருக்கும்போதே, துப்பாக்கி பழுது பார்க்கும் லைசென்ஸை நான் ஏன் புதுப்பிக்காமல் விட்டேன் என்று நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள். கேட்காததை மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். நான் அதற்குத் தகுந்தவன் இல்லை.

யுத்தம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிய பிறகுதான் நம் பக்கத்தில் மசில் பிரேக் என்ற பேச்சே வந்தது. பீரங்கியின் வாயில் பார்த்ததாகச் சொல்வார்கள். குழலின் முனையில் திருகி மாட்டும் சின்ன உருளை அது. இரண்டு பக்கமும் துளைகள் இருக்கும். குண்டுக்குப் பின்னால் வருகிற புகை அந்தத் துளைகள் வழியாகப் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் தோளில் விழுகிற உதை குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. அது மாட்டினால் குறி நேராகும் என்று வருகிறவர்கள் நம்புவார்கள். நம்பவிடாதீர்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் கண்ணைத் திறந்து சுடுவான், அந்த அளவுக்குத்தான் குறிக்கு லாபம். மற்றபடி குழலின் முனையில் புதிதாக ஒரு எடையைத் தொங்கவிடுகிறோம். குண்டு விழும் இடம் மாறத்தான் செய்யும். அதோடு பக்கத்தில் நிற்கிறவன் காது இரண்டு நாளைக்கு அடைத்துப் போகும்.

நான் முதலில் செய்தது நகரி மலைப் பக்கத்து மர கான்ட்ராக்டர் ஒருவருக்கு. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், பன்னிரண்டு தோட்டா சுட்டேன், நன்றாக அமைந்தது. அந்தப் பெயர் பரவியது. இரண்டாவதாக வந்தவர் என் சம்பந்தி கோதண்டம்.

திருவாலங்காட்டுக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் அவருக்கு நெல்லும் கரும்பும். பன்றித் தொல்லைக்காக ரைஃபிள் லைசென்ஸ் வைத்திருந்தார். அந்த வருஷம் வண்டியிலிருந்து விழுந்து அவருக்குத் தோள்பட்டை எலும்பு பிசகி, கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. ரைஃபிளைத் தோளில் வைத்தாலே முகம் கோணும். என் மகள் கமலாவை அவர் மகன் தாமோதரனுக்குக் கொடுத்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாமனாரின் வலியைப் பார்த்துவிட்டு, தன் நைனாவிடம் கொடுத்தால் ஏதாவது செய்வார் என்று சொல்லி அனுப்பியதே அவள்தான்.

பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது ரைஃபிள் வந்தது. பூஜையன்று அது வீட்டில் இருக்க வேண்டும் என்று கோதண்டம் சொல்லிவிட்டார். ஏரும் மண்வெட்டியும் கடப்பாரையும் வரிசையாகச் சாமிக்கு முன் இருக்கும்போது துப்பாக்கி மட்டும் வெளியூர்ப் பட்டறையில் இருக்கக் கூடாதாம். நானும் சரி என்றேன். சம்பந்தி கேட்டு மறுக்கிற பழக்கம் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது?

குழலின் வெளிப்பக்கமும் உள்ளே இருக்கும் துளையும் ஒரே நடுவில் இருக்கும் என்று எந்தக் கம்பெனியும் உங்களுக்குச் சத்தியம் செய்து தரவில்லை. லேத்தில் ஏற்றும்போது துளையை வைத்துத்தான் நடுப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தத் துளைக்கு இறுக்கமாகப் பொருந்துகிற ஒரு கம்பியைக் கடைந்துகொள்ள வேண்டும். ஒரு முழு நாள் வேலை. எனக்கு அந்த நாள் இல்லை. வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஆட்டம் தெரியவில்லை. அதையே நம்பி மரை வெட்டினேன். பிரேக்கின் வாயையும் குண்டுக்குக் கொஞ்சம் இடம்விட்டு அகலமாக்கியிருக்கலாம். இறுக்கமாக இருந்தால் உதை இன்னும் குறையும் என்று ஆசைப்பட்டேன். சம்பந்தியின் தோள் ஆயிற்றே.

பிறகு அந்த நாலு மணி பத்து நிமிஷம். அவர் ஆறு தோட்டா கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் தோட்டா கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். வாடிக்கைக்காரரின் தோட்டாவைச் சோதனைக்குச் சுட்டுத் தீர்ப்பது அநாகரிகம் என்று நம் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்று சுடுவோம், மீதியைத் துணியில் முடிந்து திருப்பிக் கொடுப்போம். அதில் ஒரு பெருமையும் உண்டு. மர கான்ட்ராக்டரிடம் வெட்கப்படாமல் பன்னிரண்டு கேட்டவன், சம்பந்தியிடம் இரண்டாவதைச் சுட வெட்கப்பட்டேன்.

இருபத்தைந்து தப்படி தள்ளி நின்று சுட்டேன். குண்டு குறிக்கு இரண்டு விரற்கடை வலது பக்கம் விழுந்திருந்தது. எடை கூடியதால் விலகுகிறது என்று முடிவு செய்து, குறி பார்க்கக் குழல்மேல் நிற்கிற முன்குறியைத் தட்டி நகர்த்தினேன். ஒரே ஒரு துளையைப் பார்த்து முன்குறியை நகர்த்தினேன். அந்தத் துளையும் வட்டமாக இல்லை. புளியங்கொட்டை போல ஒரு பக்கம் நீண்டிருந்தது. நேராகப் போகிற குண்டு பலகையில் வட்டமாகத்தான் துளைக்கும். நீள்துளை என்றால் போகும்போதே எதிலோ உரசி, தள்ளாடிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தள்ளாடுகிற குண்டு தூரம் கூடக் கூட எந்தப் பக்கம் எவ்வளவு விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். மாம்பலகையின் நார் அப்படிப் பிய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். தெரியாதவன் செய்கிற தவறு வேறு. தெரிந்தவன் அவசரத்தில் தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறானே, ஆள் சாவது அதில்தான்.

கோதண்டம் வந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னா மேஸ்திரி, ரைஃபிளுக்குப் புல்லாங்குழலு மாட்டிட்டீங்க. பன்னி வந்து ஆடப் போவுதா?"

ஐந்து தோட்டாவைத் துணியில் முடிந்து கையில் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

விஜயதசமியன்று பத்து மணிக்கு ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். மாப்பிள்ளைக்குக் குண்டு பட்டுவிட்டது, உயிருக்குப் பயமில்லை, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோகிறார்கள் என்றான். நான் ஜட்கா பிடித்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

நடந்தது இதுதான். பூஜை முடிந்து முதல் முறையாகத் துப்பாக்கியை எடுத்த காலை அது. கரும்பிலிருந்து பன்றி ஒன்று வரப்போரம் இறங்கியது. தாமோதரன் தகரத்தைத் தட்டி விரட்டிவிட்டு, பன்றிக்கு வலப்பக்கம் இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் விலகி, பனை மரத்தடியில் நின்றான். அப்பனும் மகனும் பல வருஷமாக அப்படித்தான் செய்கிறார்கள். கோதண்டம் நூறு தப்படியிலிருந்து சுட்டார். பன்றி ஓடிவிட்டது. தாமோதரன் உட்கார்ந்துவிட்டான். குண்டு வலது முழங்காலுக்கு மேலே நுழைந்து எலும்பை உடைத்திருந்தது.

கூடத்தில் கயிற்றுக் கட்டிலின்மேல் ரைஃபிள் கிடந்தது. குழல் நெடுகச் சந்தனக் கோடு, குங்குமம். பிரேக்கின் துளை ஒவ்வொன்றைச் சுற்றியும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கும் நிலைக்கும் பொட்டு வைப்பது போல, ஒவ்வொரு துளைக்கும் கமலா ஒரு பொட்டு வைத்திருந்தாள். புதுச் சாமான் அல்லவா, நைனா செய்தது அல்லவா, கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தாள்.

கிராம முன்சீப் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுதி முடிக்கும்வரை கோதண்டத்தை வேலூர் போகவிடவில்லை. அவர் சட்டையில் மகனின் ரத்தம் காய்ந்திருந்தது. முன்சீப்தான் சொன்னார், மேஸ்திரி பார்த்துச் சொல்லட்டும் என்று.

ரைஃபிளை எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, முனையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பிரேக்கின் வாய் விளிம்பில், உள்பக்கம், பிறை மாதிரி ஒரு கீறல் பளபளவென்று மின்னியது. குண்டு உரசின தடம். ஒரே இடத்தில் உரசியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: லேத்தில் விட்ட அந்த ஒரு நாள், பலகையின் புளியங்கொட்டைத் துளை, எல்லாமே.

நான் வாய் திறப்பதற்குள் கோதண்டத்தின் மனைவி சொன்னார்:

"அந்த ஓட்டைல எல்லாம் சந்தனத்த அப்பி வச்சாளே. நான் அப்பவே நெனச்சேன்."

முன்சீப் என்னைப் பார்த்தார். "ஓட்ட அடைச்சிகினா குண்டு திரும்புமாங்க?"

உங்கள் மூவருக்கும் நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. "ஒரு பக்கம் தொளை அடைபட்டா, காத்து அடுத்த பக்கமாத் தள்ளும்ங்க" என்றேன். எந்தப் புத்தகத்திலும் அது சரிதான். எவரும் மறுக்க முடியாத வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு, பார்த்த கீறலைப் பற்றி வாயை மூடிக்கொண்டேன். முன்சீப் எழுதிக்கொண்டார், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னது அத்தனையும் சரி. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

கமலா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். விரல் நகங்களில் முந்தின நாள் சந்தனம் இன்னும் இருந்தது.

"நைனா, நான் பண்ணதுதானா?"

தெரியாமல் செய்ததுதானே அம்மா, அழாதே என்றேன். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன்.

லைசென்ஸ் போய்விடும், கேஸ் ஆகும், சித்தூர் கோர்ட்டு வரை அலைய வேண்டும், சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. இவை எல்லாம் அந்த ஒரு நொடியில் என் மனசில் ஓடியதாகப் பிற்பாடு கணக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் எதுவும் ஓடவில்லை. ஒரு கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டேன். அந்தக் கதவில் நின்றது என் மகள் என்பதைக்கூட நுழைந்த பிறகுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் ரைஃபிளை ஒப்படைத்தோம். லைசென்ஸில் எழுதியிருக்கிறபடி மட்டும் இருக்கட்டும், அந்த ஒட்டுச் சாமானைக் கழற்றிவிடுங்கள் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்ததும் அரை வட்ட அரத்தால் அந்தக் கீறலைத் தேய்த்து, எமரித் தாளும் போட்டேன். என் கை தானாகச் செய்தது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் கை வேலை செய்தவன் சொல்கிறேன், கை தானாக எதையும் செய்யாது.

அரக்கோணம் ரயில்வே பட்டறையில் நான் வேலை கற்றபோது ஒரு போர்மன் இருந்தார். ஒருமுறை அவரே தவறாகக் கடைந்துவிட்ட சக்கரத்தில், வேறு யாரும் பார்க்கும் முன், சாக்பீஸால் தன் பெயரைப் பெரிதாக எழுதி வாசலில் நிறுத்தி வைத்தார். நாங்கள் எல்லோரும் மறைவில் சிரித்தோம். மனுஷனுக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டோம். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவன்தான் முப்பது வருஷம் கழித்து அரத்தை எடுத்தான்.

ஐந்தாம் நாள் கமலாவை ஒரு வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் அவள் வர வேண்டாம், பார்த்தால் மாமனாருக்கு மனசு கெட்டுப்போகும் என்றார்கள். நான் மட்டும் வேலூர் போய்ப் பார்த்தேன். தாமோதரன் கால் பிழைத்தது, ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் கமலா சாப்பிடுகிறாளா என்று கேட்டான். ஆங், சாப்பிடுகிறாள் என்றேன். சாப்பிடவில்லை.

வீட்டில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மாதக் கிருத்திகைக்கு மலைமேல் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த பிரசாதச் சந்தனத்தை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், பட்டறைக்குப் போனேன், வந்தேன். இருபத்து மூன்று நாள்.

இருபத்து நாலாம் நாள் மத்தியானம் ஒரு சிலேட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எட்டாவது வரை படித்தவள். பிரேக்கின் படத்தை அதில் போட்டிருந்தாள்.

"நைனா, இந்தப் பக்கம் மூணு தொளை. அந்தப் பக்கம் மூணு. சரியா?"

ஆங் என்றேன்.

"நான் ஆறுக்கும் ஒரே மாதிரிதான் வச்சேன். அப்புறம் எப்பிடி அது ஒரு பக்கமாத் தள்ளும்? எனுக்குப் புரியல. நான் பண்ணது என்னான்னு எனுக்குப் புரியணும் நைனா."

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் குற்றத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். இருபத்து மூன்று நாளாக அந்த ஆறு துளைகளையே யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சிலேட்டை வாங்கி, நடு விலகிய இன்னொரு வட்டம் போட்டேன். நான் விட்ட ஒரு நாளைச் சொன்னேன், பலகையின் துளையைச் சொன்னேன், கீறலைச் சொன்னேன், அரத்தைச் சொன்னேன். துளைக்குள் காய்ந்திருந்த சந்தனம் முதல் புகையிலேயே பொடியாய்ப் பறந்திருக்கும், அது பெரிதாக ஒன்றும் செய்திருக்காது என்றும் சொன்னேன்.

அவள் அந்த வட்டத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள்.

"நாளைக்கு காலைல போயி சொல்லிட்டு வந்துடு நைனா" என்றாள். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை முதல் வண்டிக்கே போனேன். அரக்கோணத்தில் வண்டி மாறி, பிரேக்கைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கோதண்டம், அவர் மனைவி, முன்சீப் மூவரையும் உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். கோதண்டம் பிரேக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. என் வேலை அவ்வளவு சுத்தம்.

"உரசல் எங்க மேஸ்திரி?"

"நான் தேச்சிட்டேன்."

"பலக?"

"வெந்நீர் அடுப்புல போட்டுட்டாங்க."

அவர் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் தன் விரல்களைப் பார்த்தார். அன்றைக்கு ஓட்டை அடைத்தால் குண்டு திரும்பும் என்று நான் சொன்னதை அவர்தான் கைப்பட எழுதியிருக்கிறார், என் கையெழுத்தும் கீழே இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். ஸ்டேஷனுக்கும் போனேன். விபத்து என்று முடித்தாயிற்று, பெண்ணைப் பெற்றவர், வீட்டுக்குப் போங்கள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். லைசென்ஸைக் கொடுத்தேன், வாங்கவில்லை. வருஷக் கடைசியில் நானே புதுப்பிக்காமல் விட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். துளையை வைத்து நடுப் பாருங்கள். இரண்டாவது தோட்டாவைச் சுடுங்கள், மூன்றாவதையும் சுடுங்கள், சம்பந்தியாக இருந்தாலும் கேட்டு வாங்கிச் சுடுங்கள். அதையும் மீறித் தவறினால், கீறல் கண்ணில் பட்ட அந்த நிமிஷமே வாயைத் திறந்துவிடுங்கள். உண்மைக்கு ஒரு சாட்சி வேண்டும். நான் அதை அரத்தால் தேய்த்துவிட்டுப் பிறகு உண்மையைக் கொண்டுபோனேன்.

மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் வில்வண்டி வந்து நின்றது. கோதண்டமும் அவர் மனைவியும் தட்டில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். கோதண்டம் உள்ளே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கமலா அறை வாசலில் வந்து நின்றாள். அவர் மனைவி அவள் தலையில் பூவைச் செருகி, முகத்தை வழித்துக் கொஞ்சிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வாம்மா, நம்ம ஊட்டுக்குப் போலாம். உனுக்காக உங்க நைனா எம்மாம் பெரிய பழிய தன் தலமேல போட்டுகினாரு பாத்தியா? அந்த மனசுக்காகவே உன்ன மன்னிச்சிட்டோம்."